மூன்றாவது பெயரை வைத்துப் பாருங்கள்: கூடைப்பந்தின் தலைசிறந்தவர்களை எப்படி வரிசைப்படுத்துவது?

நடுக்கோடு எழுதியது:

தலைசிறந்த கூடைப்பந்தாட்டக்காரர் யார் என்ற வாதத்தைப் பல ஆண்டுகளாகப் படித்தும், சில நேரம் அதில் கலந்துகொண்டு தோற்றும் வருகிறேன். பெரும்பாலான வாதங்கள் மைக்கேல் ஜோர்டான், லெப்ரான் ஜேம்ஸ் ஆகிய இரண்டு பெயர்களோடு தொடங்கி அந்த இரண்டோடேயே முடிந்துவிடுகின்றன. ஜோர்டானை விரும்புகிறவர், ஆறு முறை இறுதித் தொடருக்குச் சென்று ஆறு முறையும் வென்றவர் என்கிறார். லெப்ரானை விரும்புகிறவர், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் வரலாற்றில் 40,000 புள்ளிகளை முதலில் கடந்தவர் என்கிறார். இரண்டும் உண்மைதான். ஆனால் இருவரும் பெயரை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் அளவுகோலைப் பிறகு தேடி எடுத்து வந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆகவே ஒரே ஒரு நிபந்தனையுடன் இந்த இழையைத் தொடங்குகிறேன். நீங்கள் எந்த அளவுகோலைக் கொண்டுவந்தாலும், அதை நீங்கள் ஒப்பிட நினைத்த இருவரோடு நிறுத்திவிடாமல், மூன்றாவதாக ஒருவர் மீதும் வைத்துப் பாருங்கள். பட்டங்களின் எண்ணிக்கையே முக்கியம் என்றால், ஏழு பட்டங்கள் பெற்ற ராபர்ட் ஹோரி ஆறு பெற்ற ஜோர்டானுக்கு மேலே போய்விடுவார். ஹோரி சிறந்த துணை ஆட்டக்காரர். இக்கட்டான நேரத்தில் பந்தை வளையத்துக்குள் போட்டவர். ஆனால் அவரை ஜோர்டானுக்கு மேலே வைக்க ஹோரியின் ரசிகர்களே ஒப்ப மாட்டார்கள். அப்படியானால் உங்கள் அளவுகோலைத் திருத்த வேண்டும். திருத்திய பிறகும் அதைக் கைவிடாமல் இருக்க முடிகிறதா என்பதே என் கேள்வி.

மோதிரக்கணக்கு எழுதியது:

பட்டம் வென்றவர்களுக்கு மோதிரம் கொடுப்பார்கள்; ஆகவே என் புனைபெயரைப் பார்த்தவுடனேயே நான் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். இருந்தாலும் நிபந்தனையை ஏற்கிறேன். பட்டங்களை வெறுமனே எண்ணக் கூடாது. அணியின் முதன்மை ஆட்டக்காரராக இருந்து வென்ற பட்டங்களை மட்டுமே எண்ண வேண்டும். அதற்கு இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இருக்கிறது. ஜோர்டானுக்கு அது ஆறு முறை கிடைத்திருக்கிறது; 1991 முதல் 1993 வரை மூன்று, 1996 முதல் 1998 வரை மூன்று. லெப்ரானுக்கு 2012, 2013, 2016, 2020 என நான்கு. மேஜிக் ஜான்சன், ஷகில் ஓ'நீல், டிம் டங்கன் ஆகியோருக்குத் தலா மூன்று. ஹோரிக்கு ஒன்றும் இல்லை. இந்த வரிசையில் எனக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை.

பழையபலகை எழுதியது:

சிக்கல் இருக்கிறது, நண்பரே. அதன் பெயர் பில் ரஸ்ஸல்.

பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 1956 முதல் 1969 வரை பதின்மூன்று சீசன்கள் ஆடிய அவர், அவற்றில் பன்னிரண்டில் இறுதித் தொடருக்குச் சென்று பதினொன்றை வென்றார். 1959 முதல் 1966 வரை இடைவெளியே இல்லாமல் எட்டுப் பட்டங்கள். கடைசி இரண்டு பட்டங்களை, அணியின் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் ஒரே நேரத்தில் இருந்துகொண்டு பெற்றார். நான்கு வெற்றிகள் தேவைப்படும் தொடர்களில், கடைசியான ஏழாவது ஆட்டம் வரை சென்றவை அவருக்குப் பத்து வாய்த்தன. பத்திலும் அவர் அணியே வென்றது. இவ்வளவுக்கும் பிறகு உங்கள் அளவுகோலில் அவருக்குக் கிடைக்கும் மதிப்பெண் பூஜ்யம். ஏனெனில் நீங்கள் சொல்லும் விருது 1969இல்தான் தொடங்கப்பட்டது. அந்த முதல் விருதும் ரஸ்ஸலுக்குப் போகவில்லை. தோற்ற அணியான லேக்கர்ஸின் ஜெரி வெஸ்ட்டுக்குப் போயிற்று. தோற்ற அணியைச் சேர்ந்த ஒருவர் அதைப் பெற்றது அந்த ஒரு முறைதான். 2009இல் அதே விருதுக்கு ரஸ்ஸலின் பெயரைச் சூட்டினார்கள். தன் பெயரில் உள்ள விருதை ஒரு முறைகூடப் பெறாதவரை அந்த விருதைக் கொண்டே அளப்பது எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். லெப்ரானுக்கு எதிராகப் பட்டங்களை எண்ணும் அதே நண்பர்கள், ரஸ்ஸலின் பெயர் வந்தவுடன் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

கடைசிநொடி எழுதியது:

ரஸ்ஸல் வந்தபோது என்பிஏவில் மொத்தம் எட்டு அணிகளே இருந்தன. எட்டில் முதலாவதாக வருவதும் முப்பதில் முதலாவதாக வருவதும் ஒன்றா?

பழையபலகை எழுதியது:

ஒன்றல்ல. அதை மறுக்க மாட்டேன். அக்காலத்தின் பெரும்பகுதியில், தன் பிரிவில் முதலிடம் பெற்ற அணி இரண்டு தொடர்களை வென்றாலே பட்டம் கைக்கு வந்துவிடும். இன்று நான்கை வெல்ல வேண்டும். ஆனால் எட்டு அணிகள் என்பதற்கு மறுபக்கமும் உண்டு. திறமையானவர்கள் அனைவரும் அந்த எட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். வில்ட் சேம்பர்லெயினை ஒரு சீசனுக்குள்ளேயே பத்து முறைக்கு மேல் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அணிகளின் எண்ணிக்கையைக் காட்டி ரஸ்ஸலின் பட்டங்களில் சிலவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். எத்தனை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

இறுதித் தொடர் கணக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லெப்ரான் பத்து இறுதித் தொடர்களில் ஆறைத் தோற்றார் என்பது குறையாகவே சொல்லப்படுகிறது. ஜோர்டான் தன் முதல் மூன்று பிளேஆஃப்களிலும் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் சுற்றைத் தாண்டவில்லை; அந்த மூன்றிலும் சேர்த்து அவர் அணி வென்றது ஒரே ஒரு ஆட்டம். லெப்ரானோ 2021 வரை முதல் சுற்றில் தோற்றதே இல்லை. முதல் சுற்றில் தோற்றவரின் கணக்கில் எதுவும் ஏறாது, இறுதி வரை போராடித் தோற்றவரின் கணக்கில் மட்டும் ஒரு தோல்வி ஏறும் என்றால், அந்தக் கணக்கு சீக்கிரம் தோற்பதற்குப் பரிசு கொடுக்கிறது. மூன்றாவது பெயராக ஜெரி வெஸ்ட்டை வையுங்கள்: ஒன்பது இறுதித் தொடர்கள், ஒரே பட்டம். அவர் முதல் பத்துப் பேருக்குள் வர மாட்டார் என்று நீங்கள் சொல்லலாம். அந்த எட்டு ஆண்டுகளிலும் அவர் அரையிறுதியிலேயே தோற்றிருந்தால் மேலும் உயர்ந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, எண்கள். நான் எண்களை நம்புகிறவன். அதனாலேயே அவற்றை அப்படியே நம்புவதில்லை. 1961-62 சீசனில் சேம்பர்லெயின் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகளும் 25.7 ரீபவுண்டுகளும் (குறி தவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக 100 புள்ளிகளைக் குவித்ததும் அந்த சீசனில்தான். அதே சீசனில் ஆஸ்கர் ராபர்ட்சன் 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்டுகள், 11.4 அசிஸ்டுகள் (கூட்டாளி புள்ளி எடுக்க உதவும் பாஸ்) என்ற சராசரியுடன் டிரிபிள் டபுளை, அதாவது மூன்றிலும் இரட்டை இலக்கத்தை, ஒரு சீசன் முழுவதுக்குமே எட்டிப்பிடித்தார். ஒரே ஆண்டில் இரண்டு அதிசயங்கள் நடந்தால், அதிசயம் ஆட்டக்காரர்களிடம் மட்டும்தான் இருந்ததா என்று கேட்கத் தோன்ற வேண்டும். அன்று ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்கு நூறு முறைக்கு மேல் வளையத்தை நோக்கி எறிந்தது. இன்று அது தொண்ணூறுக்குக் கீழே. எறிதல்கள் அதிகம், குறி தவறியவையும் அதிகம், ஆகவே ரீபவுண்டுகளும் அதிகம். ஆட்டவேகத்துக்கு ஏற்பச் சுருக்கினால் இந்த எண்கள் குறையும். குறைந்த பிறகும் அவை மிகப் பெரியவையாகவே இருக்கும். அந்த சீசனில் சேம்பர்லெயின் ஆட்டத்துக்குச் சராசரியாக 48.5 நிமிடங்கள் களத்தில் நின்றார். ஓர் ஆட்டமே 48 நிமிடம்தான். கூடுதல் நேரத்தையும் சேர்த்தால்தான் இந்தச் சராசரி வருகிறது. எந்த ஆட்டவேகத்தாலும் இதை விளக்கிவிட முடியாது.

ஆனால் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது அவருக்குக் கிடைக்கவில்லை. ரஸ்ஸலுக்குக் கிடைத்தது. அக்காலத்தில் அதற்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே; பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த ஆண்டின் முதல் அணியில் சேம்பர்லெயின் வளையத்தடியில் ஆடும் சென்டராகவும், ரஸ்ஸல் இரண்டாம் அணியிலும் இருந்தார்கள். களத்தில் இருவரையும் மோதிப் பார்த்தவர்கள் ஒருவரையும், மேசையருகே அமர்ந்து பார்த்தவர்கள் மற்றவரையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாம் இன்று நடத்தும் வாதம் அன்றே அந்த இரண்டு வாக்குச்சீட்டுகளில் நடந்து முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறது.

மோதிரக்கணக்கு எழுதியது:

சரி, பட்டங்களையும் விருதுகளையும் விட்டுவிடுகிறேன். வேறொரு சோதனையைச் சொல்கிறேன்: ஒருவர் அணியை விட்டுப் போன பிறகு அந்த அணி என்ன ஆகிறது என்று பாருங்கள். 2009-10 சீசனில் லெப்ரானோடு 61 ஆட்டங்களை வென்ற கிளீவ்லேண்ட், அடுத்த சீசனில் அவர் இல்லாமல் 19 ஆட்டங்களை மட்டுமே வென்றது. இடையில் தொடர்ச்சியாக 26 தோல்விகள். இது எனக்குப் பிடித்த ஆட்டக்காரருக்கு எதிரான சான்று என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஏனெனில் 1992-93இல் 57 ஆட்டங்களை வென்ற சிகாகோ புல்ஸ், ஜோர்டான் ஓய்வுபெற்றுப் பேஸ்பால் ஆடப் போன அடுத்த சீசனிலும் 55 ஆட்டங்களை வென்றது.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் உங்கள் சார்பிலேயே இதை மறுக்கிறேன். மூன்றாவது பெயர் டிம் டங்கன். 2015-16இல் 67 வெற்றிகள் பெற்ற சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், அவர் ஓய்வுபெற்ற பிறகு 61 வெற்றிகள் பெற்றது. அப்போது டங்கனுக்கு நாற்பது வயது. அணி ஏற்கெனவே இளைய கைகளுக்கு மாறியிருந்தது. மாறாக, ரஸ்ஸல் விலகிய பின் செல்டிக்ஸ் 48 வெற்றி, 34 தோல்வி என்றிருந்த நிலையிலிருந்து 34 வெற்றி, 48 தோல்வி என்று கண்ணாடியில் பார்த்ததுபோல் கவிழ்ந்தது. ஆனால் அதே கோடையில் அந்த அணியின் இன்னொரு நட்சத்திரமான சாம் ஜோன்ஸும் ஓய்வுபெற்றார். இந்தச் சோதனை போனவரை அளப்பதைவிட, அவர் விட்டுச் சென்றவர்களைத்தான் அதிகம் அளக்கிறது. புல்ஸில் ஸ்காட்டி பிப்பன் இருந்தார், பில் ஜாக்சன் பயிற்சியாளராகத் தொடர்ந்தார். கிளீவ்லேண்டில் அப்படி யார் இருந்தார்கள்?

பழையபலகை எழுதியது:

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. என்பிஏவில் பிளாக்குகளையும் (எறிந்த பந்தைத் தடுப்பது) ஸ்டீல்களையும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) 1973-74 சீசனிலிருந்துதான் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். ரஸ்ஸல் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார். சேம்பர்லெயினும் அதற்கு முந்தைய சீசனோடு முடித்துக்கொண்டார். ஆகவே 3,830 பிளாக்குகளுடன் ஹக்கீம் ஒலாஜுவான் முதலிடத்தில் இருக்கிறார் என்றால், எண்ணத் தொடங்கிய பிறகு முதலிடம் என்றே அதைப் படிக்க வேண்டும். ஒலாஜுவான் மீது எனக்குக் குறையில்லை. ஒரே சீசனில் எம்விபி, சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்தவர் ஆகிய மூன்றையும் 1994இல் பெற்றவர் அவர். ஆனால் ரஸ்ஸலின் ஆட்டத்தில் எது உயிர்நாடியோ, அதை யாரும் எண்ணி வைக்கவில்லை. தடுத்த பந்தைக் களத்துக்கு வெளியே அறைந்து கைதட்டல் வாங்காமல், தன் அணிக்காரர் கையில் போய்ச் சேரும்படி தட்டிவிடுவது அவருடைய கலை. அதற்கான கட்டம் இன்றைய புள்ளிவிவரத் தாளிலும் கிடையாது.

கடைசிநொடி எழுதியது:

எல்லோரும் எண்களைச் சுருக்கியும் விரித்தும் பார்க்கிறீர்கள். விதிகளையும் பார்க்க வேண்டாமா? 2001 வரை மண்டலத் தடுப்பாட்டம் (ஆளுக்குப் பதிலாக ஓர் இடத்தைக் காப்பது) என்பிஏவில் தடைசெய்யப்பட்டிருந்தது. ஒரு நட்சத்திரத்தை ஒருவர் மட்டுமே நேருக்கு நேர் காக்க வேண்டியிருந்தது, அதனால் ஜோர்டானுக்கு லாபம். 2004-05 முதல், வெளிவட்டத்தில் பந்தோடு வருகிறவர் மீது கைவைத்துத் தடுப்பதைக் கண்டிப்புடன் ஒடுக்கினார்கள். அதனால் பின்னால் வந்தவர்களுக்கு லாபம். மூன்று புள்ளிக் கோடு 1979-80இல்தான் வந்தது. ஆகவே ஜெரி வெஸ்ட் தொலைவிலிருந்து போட்டவை எல்லாம் இரண்டு புள்ளிகளாகவே எண்ணப்பட்டன.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. விதிகள் யாருக்கு உதவின என்று பார்ப்பதைவிட, விதிகள் யாருக்காக மாற்றப்பட்டன என்று பாருங்கள். ஜார்ஜ் மைக்கனுக்காக வளையத்தடிப் பகுதியை (தாக்கும் அணியினர் நெடுநேரம் நிற்கக் கூடாத இடம்) 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள். சேம்பர்லெயினுக்காக 1964இல் அதை 16 அடியாக்கினார்கள். கரீம் அப்துல் ஜப்பார் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தபோது, 1967இல் கல்லூரி ஆட்டங்களில் டங்க் அடிப்பதையே (தாவிப் பந்தைக் கையால் வளையத்துக்குள் திணிப்பது) தடைசெய்தார்கள். ஓர் ஆட்டம் தன்னைத் திருத்திக்கொள்ளும் அளவுக்கு ஒருவர் அதை ஆட்டிப்படைத்திருக்கிறார் என்றால், அதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

நல்ல அளவுகோல். மூன்றாவது பெயர் ஸ்டீஃபன் கறி. 2015-16 சீசனில் 402 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டார். அதற்கு முன் யாரும் 300ஐக்கூடத் தொட்டதில்லை. அந்த ஆண்டு எம்விபி வாக்குகள் அனைத்தும் அவருக்கே விழுந்தன. வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அவருக்காக எந்தக் கோட்டையும் தள்ளிப் போடவில்லை. ஆனால் மற்ற இருபத்தொன்பது அணிகளும் தங்கள் ஆட்டமுறையையே மாற்றிக்கொண்டன. விதியை மாற்ற வைத்தவர்கள் எல்லோருமே வளையத்தடியில் நின்ற உயரமானவர்கள் என்பதையும் கவனியுங்கள். குள்ளமானவர்களின் ஆதிக்கம் உங்கள் தராசில் ஏறவே ஏறாது.

கடைசிநொடி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆறடி இரண்டங்குலக்காரரைக் குள்ளமானவர் என்று சொல்வது இந்த ஆட்டத்தில் மட்டுமே நடக்கும்.

வெளிக்கோடு எழுதியது:

இதுவரை வந்த பெயர்கள் அத்தனையும் ஒரே லீகைச் சேர்ந்தவை, அத்தனை பேரும் ஆண்கள். இழையின் தலைப்போ கூடைப்பந்தின் தலைசிறந்தவர்கள் என்கிறது. ஆகவே உங்கள் மூன்றாவது பெயரை நான் தருகிறேன்.

அர்விதாஸ் சபோனிஸ் 1986இல் என்பிஏவின் போர்ட்லேண்ட் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அங்கே ஆட வந்தது 1995இல், முப்பது வயதில், குதிகால் தசைநாண் காயங்களால் ஓட்டமும் தாவலும் குறைந்த பிறகு. அதற்கு முன் 1988 சியோல் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை 82-76 என்று வீழ்த்திய சோவியத் அணியின் நடுநாயகம் அவரே. பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட் என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1984இல் நெட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தபோது, என்பிஏவில் ஆடினால் தேசிய அணியில் ஆட முடியாது என்ற அன்றைய விதியின் காரணமாக அவர் மறுத்துவிட்டார். ஒலிம்பிக்கில் 1,093 புள்ளிகள் எடுத்தார். 1987இல் இண்டியானாபொலிஸில் நடந்த பான் அமெரிக்கன் இறுதியாட்டத்தில், அமெரிக்காவை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தியபோது அவர் எடுத்தவை 46. என்பிஏவில் எடுத்த புள்ளிகளை மட்டும் எண்ணும் அளவுகோலில் இவர் பிறக்கவே இல்லை.

சிந்தியா கூப்பரையும் எண்ணிப் பாருங்கள். பெண்களுக்கான டபிள்யூஎன்பிஏ லீக் 1997இல் தொடங்கியபோது அவருக்கு வயது 34. ஐரோப்பாவில் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆடிவிட்டு வந்தவர், ஹூஸ்டன் காமெட்ஸ் அணிக்காக முதல் நான்கு சீசன்களிலும் பட்டம் வென்றார். நான்கிலும் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. டயானா டௌராசி அந்த லீகின் மொத்தப் புள்ளிகளில் முதலிடத்தில் இருக்கிறார், ஆறு ஒலிம்பிக் தங்கங்களும் வைத்திருக்கிறார். நெடுநாள் ஆடியதற்கு மதிப்பெண் கொடுத்தால் டௌராசிக்கு முன் கூப்பர் நிற்க முடியாது. ஆனால் லீக் இல்லாத ஆண்டுகளில் ஆடவில்லை என்று ஒருவரைக் குறைசொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

நடுக்கோடு எழுதியது:

வெளிக்கோடு சொன்ன கடைசி வரி என்னை நிறுத்திவிட்டது. ஏனெனில் மொத்தப் புள்ளிகள் என்ற கணக்கிலும் அதே கோணல் இருக்கிறது. கரீம் 20 சீசன்களில் 38,387 புள்ளிகள் எடுத்தார். 2023 பிப்ரவரி 7 அன்று லெப்ரான் அதைக் கடந்தார். லெப்ரான் பள்ளியிலிருந்து நேராகப் பதினெட்டு வயதில் வந்தவர். கரீம் கல்லூரியை முடித்துவிட்டு இருபத்திரண்டு வயதில்தான் வர முடிந்தது. முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடவே அன்று அனுமதி இல்லை. இது லெப்ரானின் சாதனையைக் குறைக்கும் வாதம் அல்ல. இரண்டு எண்களை அருகருகே வைக்கும்போது, அவற்றின் பின்னால் இருந்த கதவுகள் எப்போது திறந்தன என்பதையும் வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பலர் தனிமடலில் என் பட்டியலைக் கேட்டார்கள். என்பிஏவுக்கு மட்டும் என்ற எல்லையோடு தருகிறேன்: ஜோர்டான், கரீம், லெப்ரான், ரஸ்ஸல், மேஜிக், சேம்பர்லெயின், டங்கன், லாரி பேர்ட், ஒலாஜுவான், கறி. ஜோர்டானை முதலில் வைத்ததற்குக் காரணம் அவருடைய உச்சம். 1987-88இல் ஆட்டத்துக்கு 35 புள்ளிகள் எடுத்துக்கொண்டே அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரராகவும் தேர்வானவர். களத்தின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் அப்படி ஆண்டவரை நான் கண்டதில்லை. டங்கன் பேர்டுக்கு மேலே இருப்பதற்குக் காரணம் நீடித்த தரம்: 1999 முதல் 2014 வரை ஐந்து பட்டங்கள்.

மோதிரக்கணக்கு எழுதியது:

நடுக்கோடு அவர்களே, உங்கள் நிபந்தனையை உங்கள் மீதே வைக்கிறேன். ஜோர்டானைக் கரீமுக்கு மேலே வைக்க உச்சத்தை எடுத்தீர்கள். டங்கனைப் பேர்டுக்கு மேலே வைக்க நீளத்தை எடுத்தீர்கள். உச்சம்தான் அளவுகோல் என்றால், 1984, 1985, 1986 என்று தொடர்ந்து மூன்று எம்விபி பெற்ற பேர்ட் டங்கனுக்குக் கீழே வர முடியாது. ரஸ்ஸல், சேம்பர்லெயின் தவிர வேறு யாரும் அதைச் செய்ததில்லை. நீளம்தான் அளவுகோல் என்றால், ஆறு எம்விபி, ஆறு பட்டங்கள் வைத்திருக்கும் கரீம் ஏன் இரண்டாவது?

நடுக்கோடு எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். மூன்று நாளாக விடை தேடிப் பார்த்தேன். கிடைத்தவை எல்லாம் சாக்குகளாகவே இருந்தன. ஆகவே பட்டியலை இரண்டாகப் பிரித்துவிட்டேன்.

சிறந்த ஐந்து ஆண்டுகளை மட்டும் கணக்கில் எடுத்தால்: ஜோர்டான், லெப்ரான், கரீம், சேம்பர்லெயின், பேர்ட். முழு ஆட்ட வாழ்க்கையையும் எடுத்தால்: லெப்ரான், கரீம், ஜோர்டான், டங்கன், மேஜிக். இரண்டாவது பட்டியலில் ஜோர்டான் மூன்றாவதாக இறங்குவதை எழுதவே கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

பழையபலகை எழுதியது:

இரண்டு பட்டியலிலும் ரஸ்ஸல் இல்லை. நீங்கள் முன்பு தந்த பத்துப் பேர் பட்டியலில் நான்காவதாக இருந்தவர் எங்கே போனார்?

நடுக்கோடு எழுதியது:

அவரை எந்தத் தராசில் வைத்தாலும் பதினொன்று என்ற எண்ணைத்தான் மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது. அதையோ இந்த இழையின் முதல் பதிவிலேயே நான் தள்ளிவைத்துவிட்டேன். எட்டு அணிகளுக்கு எத்தனை பட்டங்களைக் கழிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்களே, அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் பாதியைக் கழிக்கிறேன். அப்போதும் ஐந்தரை நிற்கிறது.

மோதிரக்கணக்கு எழுதியது:

லெப்ரானைவிட ஒன்றரை அதிகம்.